கிணற்றடி மோட்டாரும் கைபேசியும்



ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் தொலைபேசிச் செய்திகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. மழை பெய்தது, பால்காரர் வரவில்லை, மேல்தொட்டி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் தண்ணீர். இவற்றைக் கேட்பவர் மும்பையிலோ தில்லியிலோ இருப்பார். "சரி, ஜாக்கிரதையாக இருங்கள்" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. அந்தச் சிறு செய்திகளுள் ஒன்றைப் பற்றித்தான், மேல்தொட்டித் தண்ணீரைப் பற்றித்தான், இன்று நாம் பேசப் போகிறோம்.

திருவனந்தபுரத்துத் தமிழர்களாகிய நாங்களும் ஒருவகையில் வெளிமாநிலத் தமிழர்களே. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தலைநகரில் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் குடியிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைக்கோடுதான் நகர்ந்து போயிற்று. அத்தெருக்களின் பழைய வீடுகள் ரயில் வண்டியைப் போல் நீண்டவை. திண்ணையிலிருந்து கூடம், தளம், அடுக்களை என்று நடந்து கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தால் அங்கே கிணறு. கிணற்றடியில் மோட்டார். மோட்டாரின் ஸ்விட்சும் அங்கேதான்.

எங்கள் குடும்பத்தில் எழுபத்தெட்டு வயதான அத்தை ஒருவர் அத்தகைய வீட்டில் தனியே இருக்கிறார். மகன் புனேயில் உத்தியோகத்தில் இருக்கிறான். ஓர் இடவப்பாதி மழைக்காலத்தில், அந்தி நேரத்தில் மோட்டாரை நிறுத்தப் போன அத்தை பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் புனேயில் இருந்த மகனுக்கு அன்றிரவு உறக்கம் இல்லை. அவ்வாரமே நாங்கள் ஒன்றுகூடி, கிணற்றடிக்குப் போகாமலே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்வதென்று தீர்மானித்தோம். கடையில் ஆயத்தமாக விற்கும் கருவிகள் இல்லாமலில்லை. நம் கையால் செய்தால் செலவு குறையும், பழுதானால் நாமே திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணமே எங்களை இதில் இறக்கியது. கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

வானொலிப் பேச்சில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆகவே நேயர்கள் ஒரு வீட்டு வாசலில் மூன்று பேர் நிற்பதாக மனத்தில் பாவித்துக்கொள்ள வேண்டுகிறோம். முதலாமவர் வெளியிலிருந்து வரும் சொல்லைக் காதில் வாங்குபவர். இரண்டாமவர் அச்சொல்லைக் கையசைவாக மாற்றுபவர். மூன்றாமவர் பலசாலி, கதவைத் தள்ளித் திறப்பவர்.

காதில் வாங்குபவர் ஒரு சிறு மின்னணுப் பலகை. சீனாவின் ஷாங்காய் நகரத்து நிறுவனமொன்று 2014-ஆம் ஆண்டில் இ.எஸ்.பி. 8266 என்னும் சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிறு கணக்குப் பொறியும் வைஃபை வானொலியும் அந்த ஒரே சில்லில் அடங்கியிருந்தன. அதுவரை பல ஆயிரம் ரூபாய் பிடித்த வேலை சில நூறு ரூபாய்க்குள் வந்தது. உலகெங்கும் வீட்டு மேஜையில் வைத்துக் கருவி செய்பவர்கள் பெருகியதற்கு இச்சில் ஒரு முக்கியக் காரணம். இது 3.3 வோல்ட் மின்சாரத்தில் வேலை செய்யும். பழைய கைபேசி சார்ஜர் ஒன்றே இதற்குச் சோறு போடப் போதும்.

கையசைப்பவர் ரிலே. இது புதியதன்று, தந்தி காலத்துப் பொருள். சிறு கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்தால் வேறொரு மின்சுற்று இணையும். இரண்டு சுற்றுகளுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. மூன்று வோல்ட் பலகையும் 230 வோல்ட் வீட்டு மின்சாரமும் ஒன்றையொன்று தீண்டாமல் இருப்பது இதனாலேதான். ரிலேயில் இருவகை முனைகள் உண்டு. ஒன்று சும்மா இருக்கையில் திறந்திருப்பது. மற்றொன்று சும்மா இருக்கையில் மூடியிருப்பது. மோட்டாரை முன்னதில்தான் இணைக்க வேண்டும். பலகை செத்துப்போனாலும், சார்ஜர் எரிந்துபோனாலும், அப்போது மோட்டார் தானே நின்றுவிடும்.

பலசாலிக்கு வருவோம். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இவரை விட்டுவிடுகிறார்கள். ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது மூன்று நான்கு ஆம்பியர்தானே எடுக்கிறது, இது போதுமே என்று தோன்றும். ஆனால் நின்ற மோட்டார் புறப்படும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை உறிஞ்சுகிறது. அந்தப் பொறியில் ரிலேயின் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தக் கட்டளை கொடுத்தாலும் மோட்டார் நிற்காது. ஆகவே ரிலே மோட்டாரை நேரே தொடாமல், மோட்டாருக்கென்றே செய்யப்பட்ட காண்டாக்டர் என்ற பெரிய விசையைத் தொட வேண்டும். காண்டாக்டர் மோட்டாரைத் தொடும். எங்கள் கருவியில் மிக விலையுயர்ந்த உறுப்பு இந்தக் காண்டாக்டரே. அதைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கினோம். பலகை, ரிலே, சார்ஜர் எல்லாம் சேர்ந்தும் அதன் விலைக்கு ஈடாகவில்லை.

230 வோல்ட் பக்கத்து வேலையை நாங்கள் செய்யவில்லை. உரிமம் பெற்ற ஒயர்மேன் ஒருவரை அழைத்தோம். வெட்டப்படுவது பேஸ் கம்பிதானா என்று சோதித்து, எர்த் சரிபார்த்து, கசிவு கண்டால் சுற்றைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு விசையையும் அவர் பொருத்தினார். கிணற்றடி எப்போதும் ஈரமான இடம். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்ப்பவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

வைஃபை என்பதும் வானொலி அலைதான். மத்திய அலை நிலையங்களின் அலைநீளம் சில நூறு மீட்டர். வைஃபை பொதுவாகப் பயன்படுத்தும் அலையோ வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்வது. அதன் நீளம் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டரே. இந்தச் சிறிய அலைக்குத் தடிச் சுவர் ஒரு பெரும்பகை. பழைய வீட்டு வெட்டுகல் சுவர்கள் ஒன்றரை அடி கனம். இணையப் பெட்டி முன்கூடத்தில். மோட்டார் நான்கு சுவருக்கு அப்பால். முதல் நாள் பலகையைக் கிணற்றடியில் வைத்தபோது அது ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. அடுக்களை வாசலுக்கு மேலே சொல்லை வாங்கி மறுபடி ஒலிக்கும் சிறு பெட்டி ஒன்றை மாட்டிய பிறகே அதற்குக் காது கேட்டது.

கருவி வேலை செய்யத் தொடங்கிற்று. புனேயிலிருந்து மகன் கைபேசியைத் தொட்டால் கரமனையில் மோட்டார் ஓடிற்று. அத்தைக்கு அது ஆச்சரியமாகவும் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. "இனிமேல் எனக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் புனேக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும் போலிருக்கிறதே!" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சொன்னதில் இருந்த விஷயம் அப்போது எங்களுக்குப் புலப்படவில்லை.

அடுத்த மேட மாதத்தில், கிணற்றில் நீர் அடியில் கிடந்த காலத்தில், ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மகன் புனேயிலிருந்து மோட்டாரைப் போட்டான். திருவனந்தபுரத்தில் கோடை மழைக்கால இடி எப்படிப்பட்டது என்பதை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். அன்றும் இடித்தது. வழக்கத்துக்கு மாறாக மின்சாரம் போகவில்லை; இணையம் மட்டும் போயிற்று. கால் மணி கழித்து மகன் கொடுத்த "நிறுத்து" என்ற கட்டளை வந்து சேரவில்லை. எங்கள் பலகையோ உண்மையுள்ள வேலைக்காரனைப் போல அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்தது. மோட்டார் கிணற்றுத் தண்ணீரை முடித்துவிட்டு, பிறகு காற்றை இறைத்துக்கொண்டு விடியும்வரை ஓடிற்று. காலையில் கொல்லையெல்லாம் கருகிய வாடை. சீல் உருகி, காயிலும் கருகிவிட்டது. காயில் கட்டக் கொடுத்த கூலி கருவி செய்த செலவைப்போல் பல மடங்கு.

பணம் போனதைவிட எங்களைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. இரவு முழுவதும் மோட்டார் ஓடும் சத்தம் அத்தையின் காதில் விழுந்துகொண்டிருந்தது. "ஏன் அத்தை, பேசாமல் இருந்துவிட்டீர்கள்?" என்று கேட்டோம். "அவன் போட்டது, அவனே நிறுத்துவான் என்று இருந்தேன். நான் எதையாவது தொட்டுக் கெடுத்துவிட்டால்?" என்றார். ஐம்பது ஆண்டுகளாக அந்த மோட்டாரின் சத்தத்தைக் கொண்டே தொட்டி எவ்வளவு நிரம்பியது என்று சொல்லக்கூடியவர் அவர். அவருக்கு உதவியாக ஒன்று செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, அவர் வீட்டு மோட்டாரை அவர் கையிலிருந்து நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

இரண்டாம் முறை கருவியைச் செய்தபோது இதிலிருந்தே தொடங்கினோம். முதலில், பழைய ஸ்விட்ச் கிணற்றடியிலேயே இருக்கும். அதை நிறுத்தினால் கருவி என்ன சொன்னாலும் மோட்டார் ஓடாது. அடுத்து, முன்கூடத்தில் அத்தையின் நாற்காலிக்கு எட்டும் உயரத்தில் ஒரு பெரிய பொத்தான் வைத்தோம். ஒரு முறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். அந்தப் பொத்தானிலிருந்து பலகைக்குச் செல்லும் கம்பியில் மூன்று வோல்ட்தான். ஈரக்கையால் தொட்டாலும் கேடில்லை. இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

பிறகு நேரக்கட்டு. காலியான தொட்டி நிரம்ப எத்தனை நிமிஷம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தோம், பதினேழு நிமிஷம். இருபது நிமிஷம் ஆனதும், எவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பலகை தானே மோட்டாரை நிறுத்திவிடும்படி எழுதி வைத்தோம். இக்கணக்கு புனேயில் உள்ள கைபேசியில் இருந்தால் பயனில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில், பலகைக்குள்ளேயே இருக்க வேண்டும். தூரத்திலிருந்து ஆளப்படும் எக்கருவிக்கும் இதுவே முதல் கேள்வி என்று நாம் கருதுகிறோம்: பேச்சு அறுந்துபோனால் அது என்ன செய்யும்?

செய்தி போய்வரும் முறையையும் மாற்றினோம். இதற்கென எம்.கியூ.டி.டி. என்னும் ஒழுங்குமுறை ஒன்று உண்டு. தொலைதூரத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999-இல் இருவர் வகுத்தது. மெதுவான, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்புக்கென்றே பிறந்தது. ஆகவே நம் ஊருக்கு மிகவும் பொருத்தமானது. நடுவில் ஒரு தபாலாபீஸ் இருக்கும். எல்லோரும் அங்கே செய்தியைக் கொடுத்து அங்கிருந்தே வாங்கிக்கொள்வார்கள். இதில் உயில் என்றே பெயர் பெற்ற ஓர் ஏற்பாடு உண்டு. பலகை முதலில் இணையும்போதே, "நான் சொல்லாமல் மறைந்துபோனால் இன்ன செய்தியை மற்றவர்களுக்குக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடும். பலகையின் பேச்சு நின்றால் தபாலாபீஸ் அந்த உயிலைப் படித்துக் காட்டும். புனேயில் உள்ளவருக்குக் கருவி ஊமையாகிவிட்டது என்றாவது தெரிந்துவிடும்.

இதிலேயே ஒரு படுகுழியும் உண்டு. கடைசியாக வந்த செய்தியைத் தபாலாபீஸ் பத்திரப்படுத்தி வைத்து, புதிதாக வருபவருக்குக் கொடுக்கும்படி செய்யலாம். விளக்குகளுக்கு அது சௌகரியம். மோட்டாருக்கோ ஆபத்து. நேற்று மாலை கொடுத்த "ஓடு" என்ற செய்தி அங்கே பத்திரமாக இருக்க, இன்று மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், பலகை கண் விழித்ததும் அதைப் படித்துவிட்டு நடுப்பகலில் மோட்டாரை ஓட்டும். கிணற்றில் யாரேனும் இறங்கித் தூர் வாரிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஓட்டும் கட்டளையைச் சேமித்து வைக்கவே கூடாது. பலகை எப்போது கண் விழித்தாலும் மோட்டார் நின்ற நிலையிலேயே விழிக்க வேண்டும். இந்தச் சில்லின் சில முனைகள் விழிக்கும் கணத்தில் தாமாகவே சற்றுத் துடிக்கும். பலகையில் டி1, டி2 என்று குறித்த முனைகள் இதற்கு ஏற்றவை என்பதை ரிலே இரண்டு நாள் காரணமின்றி "டிக் டிக்" என்று அடித்த பிறகே கற்றுக்கொண்டோம்.

அந்தத் தபாலாபீஸை எங்கே வைப்பது? முதல் கருவியில் அது கடல் கடந்த ஒரு நாட்டில், இலவசமாகக் கிடைத்த இடத்தில் இருந்தது. கூடத்துப் பொத்தானின் செய்தி கொல்லைக்குப் போய்ச் சேரப் பாதி உலகம் சுற்றிவருவது நகைப்புக்குரியதன்றோ? அதோடு அந்நிறுவனங்கள் மூடினால் வீட்டுக் கருவியும் செத்துப்போகும். இது கற்பனையன்று. ரிவால்வ் என்ற வீட்டுக்கருவிப் பெட்டியின் சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டிதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சேவை முன்னறிவிப்பின்றி நின்றது. அதே 2016-இல், மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் வீட்டுக் காமிராக்களிலும் இணையப் பெட்டிகளிலும் புகுந்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்களை முடக்கியது. அவற்றை வாங்கியவர்கள் ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டிருந்தார்கள் என்பதே அதற்கு வழியாக அமைந்தது.

ஆகவே தபாலாபீஸை வீட்டுக்குள்ளேயே, ராஸ்பெரி பை என்னும் சீட்டுக்கட்டு அளவான கணினியில் வைத்தோம். பிரிட்டனில் மாணவர்களுக்கென்று 2012-இல் வெளிவந்தது அது. மோட்டாருக்கான கட்டளைகள் இப்போது வீட்டுச் சுவருக்குள்ளேயே சுற்றுகின்றன. புனேயிலிருந்து வருபவருக்கு மட்டும், சாவி உள்ளவர் மாத்திரம் நுழையும் மறைவழி ஒன்றை அமைத்தோம். பலகையின் வாசலைப் பொது இணையத்துக்குத் திறந்து வைப்பது, கொல்லைக்கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

இவ்வேலையில் எங்களுக்குப் பெரிய துணையாக இருந்தவன் அடுத்த தெருவில் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். கேரளப் பள்ளிகளில் 2018 முதல் "லிட்டில் கைட்ஸ்" என்ற மாணவர் குழுக்கள் கணினி வேலை பழகுகின்றன. 2025 ஜூன் முதல் பத்தாம் வகுப்பு மாணவர் எல்லோருக்குமே ரோபாட்டிக்ஸ் பாடம் வந்துவிட்டது. நாங்கள் புத்தகம் புரட்டித் தேடிக்கொண்டிருந்த இடத்தை அவன் வந்து பார்த்த மாத்திரத்தில் காட்டினான். அவன் மலையாளத்தில் கேட்பான். அத்தை தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. 1963-இல் இந்நகரத்தை அடுத்த தும்பாவில், கடற்கரைத் தேவாலயம் ஒன்றைத் தொழிற்கூடமாக வைத்துக்கொண்டு நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட்டை விட்டார்கள் என்பதை அவனுக்கு நாங்கள் சொல்லப் போனோம். அவன் பள்ளியிலிருந்து அங்கே போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தான்.

நம்மூர்ச் சங்கடங்கள் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று எறும்பு. ரிலேயின் கதகதப்பு அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. முனைகளுக்கு இடையே புகுந்து செத்துக் கிடந்தால் சுற்று இணையாது. கம்பி நுழையும் துளைகளை ரப்பர் வளையத்தால் அடைத்த பெட்டிதான் இதற்கு மருந்து. மற்றொன்று இடி. வானம் கறுத்தால் இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே இன்னும் சிறந்த வழி. அப்படிப் பிடுங்கிவிட்டாலும் கூடத்துப் பொத்தான் வேலை செய்கிறதல்லவா? அந்தப் பொத்தானை வைத்ததற்காக நாங்கள் மகிழ்ந்த தருணங்களில் இதுவும் ஒன்று.

தம் சொந்த வீட்டுக்கு இத்தகைய கருவி செய்து வைக்க எண்ணும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கிலிருந்து தொடங்குங்கள். விளக்கு தவறாக எரிந்தால் நஷ்டம் சில பைசாக்கள். ஒரு மாதம் அது ஒழுங்காக நடந்த பிறகு மோட்டாருக்கு வாருங்கள். வெந்நீர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, காஸ் அடுப்பு சம்பந்தப்பட்ட எதையும் தூரத்திலிருந்து போட வேண்டாம்; பக்கத்தில் ஆள் இல்லாமல் சூடேறும் பொருளை ஓட்டுவதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. கருவியைப் பூட்டிவிட்டு மறுநாளே ரயில் ஏறாதீர்கள். வீட்டிலிருப்பவர் அதை ஒரு வாரமாவது தம் கையால் இயக்கிப் பார்த்து, வேண்டுமென்றே இணையத்தைத் துண்டித்தும், மின்சாரத்தை நிறுத்திப் போட்டும் சோதித்துப் பார்க்கட்டும். பெட்டியின் மேல் தமிழில், பெரிய எழுத்தில், எதைத் தொட்டால் எல்லாம் நிற்கும் என்று எழுதி ஒட்டுங்கள்.

அத்தை வீட்டுப் பெட்டியின் மேல் அப்படி எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதியவர் அவரேதான். புனேயில் உள்ள மகன் மோட்டாரைப் போடுவது இப்போது அநேகமாக இல்லை. சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கைபேசியில் பார்ப்பதோடு சரி. காலை ஆறு மணிக்கு அது எரிந்து, பதினேழு நிமிஷத்தில் அணையும். ஒரு நாள் ஆறரை ஆகியும் எரியவில்லை. அவன் உடனே தொலைபேசியில் கூப்பிட்டான். "நேற்றே தொட்டி நிறைந்திருக்கிறது, இன்றைக்கு எதற்கு மோட்டார்?" என்று அத்தை சொன்னார். பிறகு மழையைப் பற்றிச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.